போட்டோ எடிட்டிங்குக்கு எந்த சாஃப்ட்வேர்? புதியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கல்யாண ஆல்பம் டிசைனிங்கில் சில வருடங்கள் இருந்தேன். அந்த வேலையை விட்டு வந்தபிறகும், சொந்தத்தில் யாராவது கேமராவோ புது போனோ வாங்கினால் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும்: "எந்த சாஃப்ட்வேர் போடலாம்? ரொம்ப செலவில்லாம சொல்லு." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால், அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? பெயர்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

பெயர்களை அப்புறம் பார்க்கலாம். போன மாதம் எடுத்த படங்களில் பத்தைத் திறந்து, ஒவ்வொன்றிலும் எது கண்ணை உறுத்துகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நான் இப்படி எழுதச் சொன்னவர்களிடமிருந்து வந்ததெல்லாம் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான்: முகம் இருட்டாக இருக்கிறது, படம் முழுக்க மஞ்சள் அடிக்கிறது, சாய்ந்திருக்கிறது, பின்னால் கரண்ட் கம்பி தெரிகிறது. இந்த நாலையும் சரிசெய்ய ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை. உங்கள் தாளில் வேறு ஏதாவது இருந்தால் மட்டும் கீழே படித்துக்கொண்டு போங்கள்.

போனிலேயே முடித்துவிடலாமா, கம்ப்யூட்டர் கட்டாயமா?

போனில் எடுத்து போனிலேயே பகிர்பவர்களுக்குப் போன் போதும். நான் முதலில் சொல்வது ஸ்னாப்சீட். 2011இல் ஐபேடுக்காக வந்தது, அடுத்த ஆண்டே கூகுள் கைக்குப் போனது. இன்றுவரை இலவசம், விளம்பரமும் கிடையாது.

ஒரு உதாரணம். என் அண்ணி வீட்டிலேயே ஊறுகாய் போட்டு வாட்ஸ்அப்பில் விற்கிறார். சமையலறை பல்பு வெளிச்சத்தில், வெள்ளைத் தட்டின் மேல் ஆவக்காய் பாட்டிலை வைத்து எடுத்த படம் ஒன்றை அனுப்பி, "ஏன் தம்பி, எண்ணெய் சேறு மாதிரி தெரியுது?" என்று கேட்டார். காரணம் எண்ணெயில் இல்லை, பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் இருக்கிறது. ஸ்னாப்சீட்டில் ஒயிட் பேலன்ஸ் என்ற கருவியில் சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒரு குறி இருக்கும். அதைத் தட்டின் வெள்ளை ஓரத்தில் வைக்கச் சொன்னேன். தட்டு வெள்ளையானது, மிளகாய்ச் சிவப்பு தானாகத் திரும்பி வந்தது. அப்புறம் டியூன் இமேஜில் ஷேடோஸை (படத்தின் இருண்ட பகுதிகளை) மட்டும் கொஞ்சம் ஏற்றி, செலக்டிவ் கருவியால் லேபிளின் மேல் ஒரு புள்ளி வைத்து அந்த இடத்துக்கு மட்டும் வெளிச்சம் கூட்டி, கடைசியாக ஓரத்தில் தெரிந்த கேஸ் அடுப்பை வெட்டினோம். எல்லாம் சேர்த்து நாலு நிமிடம்.

அண்ணி அதோடு நிற்காமல் சேச்சுரேஷனையும் (நிறத்தின் அடர்த்தி) இழுத்துவிடப் பார்த்தார். வேண்டாம் என்று தடுத்தேன். படத்தில் குங்குமச் சிவப்பாகப் பார்த்தவர் பாட்டிலைத் திறந்ததும் என்ன நினைப்பார்?

படங்கள் நூற்றுக்கணக்கில் சேரும்போதோ, பெரிய அளவில் பிரிண்ட் போடும்போதோ, எழுத்தும் படமும் சேர்ந்த வேலைகளிலோதான் கம்ப்யூட்டரின் அருமை தெரியும்.

போட்டோஷாப் இல்லாமல் இந்தத் துறையில் நுழையவே முடியாது என்கிறார்களே?

வேலைக்குப் போகிறவருக்கு அது பெரும்பாலும் உண்மை. வீட்டில் கற்றுக்கொள்பவருக்கு உண்மையில்லை. 1990இல் வெளிவந்த போட்டோஷாப் இந்தத் துறையின் பேச்சுமொழியாகவே ஆகிவிட்டது. லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்), மாஸ்க் (ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் திரை), கர்வ்ஸ் (வெளிச்சத்தை வளைகோட்டால் கூட்டிக் குறைப்பது) என்று நாம் பேசும் சொற்களை ஊரெல்லாம் பரப்பியது அதுதான். ஆனால் 2013 முதல் அடோபி நிறுவனம் புதிய பதிப்புகளைச் சந்தா முறையில் மட்டுமே கொடுக்கிறது. பழைய மாதிரி ஒருமுறை வாங்கி ஆயுசுக்கும் வைத்துக்கொள்ள முடியாது. அது வீட்டு வாடகை மாதிரி. கட்டுவதை நிறுத்தினால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

ஆகவே விலையைப் பார்க்கும்போது மாதத் தொகையைப் பார்க்காதீர்கள், அதை 36ஆல் பெருக்குங்கள். மூன்று வருடத்துக்கு ஆகும் அந்தத் தொகையில் ஒரு நல்ல லென்ஸோ, ட்ரைபாடும் ஃப்ளாஷும் சேர்த்தோ வாங்கலாமா என்று யோசியுங்கள். புதிதாகத் தொடங்கியவரின் படத்தை ஒரு ஃப்ளாஷ் மாற்றும் அளவுக்கு எந்த மென்பொருளும் மாற்றாது என்பது என் அனுபவம். சந்தா எடுத்தே தீருவேன் என்றால் போட்டோஷாப்பை மட்டும் தனியாக எடுக்காமல், நிறையப் படங்களை வரிசைப்படுத்தித் திருத்தும் லைட்ரூமும் சேர்ந்து வரும் போட்டோகிராபி திட்டத்தின் விலையையும் பாருங்கள்.

ஒரே முறை காசு கொடுத்து வாங்குவதாக எதுவுமே இல்லையா?

போட்டோஷாப் எலிமென்ட்ஸ் என்று அடோபியின் எளிய வடிவம் ஒன்று உண்டு. பலர் அதை ஆயுசுக்குமானது என்று நினைத்து வாங்குகிறார்கள். 2025 பதிப்பு முதல் அதன் உரிமம் மூன்று வருடத்துக்கு மட்டும்தான். பெட்டியின் மேல் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சரி, இலவசத்தில் எது நல்லது? ஜிம்ப், அஃபினிட்டி, போட்டோபியா மூன்றையும் சொல்கிறார்கள்.

மூன்றுமே நல்லவை, ஆனால் மூன்றுக்கும் குணம் வேறு.

ஜிம்ப் 1990களின் நடுவில் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கியது. அதன் மூலநிரல் (மென்பொருளை எழுதிய நிரல்) எல்லோருக்கும் திறந்திருப்பதால் யாரும் அதைப் பூட்டிவிட முடியாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், கணக்குத் தொடங்கச் சொல்லாது, இணையம் இல்லாமலும் வேலை செய்யும். அதன் மேல் இருந்த நியாயமான குறை, ஒரு ஃபில்டரைப் போட்டுவிட்டால் பிறகு அதை மாற்ற முடியாது என்பது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டர்களைப் பிறகும் திறந்து மாற்றும் வசதி வந்துவிட்டது. ஆகவே பழைய வீடியோ பாடங்களைப் பார்த்துவிட்டு "ஜிம்ப்பில் அது வராது" என்று சொல்பவர்களை அப்படியே நம்ப வேண்டாம். முதல் நாளில் எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். சேவ் கொடுத்தால் அதன் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகத்தான் சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லித்தர ஆளில்லாமலேயே ஜிம்ப்பைத் தூக்கிப்போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

அஃபினிட்டி முன்பு ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் மென்பொருளாக இருந்தது. அதைச் செய்த இங்கிலாந்து நிறுவனத்தை 2024இல் கேன்வா வாங்கியது. 2025 அக்டோபர் இறுதியில், அதுவரை தனித்தனியாக இருந்த மூன்று செயலிகளை ஒன்றாக்கி இலவசமாகவே விட்டார்கள். கேன்வாவில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். ஏஐ வசதிகள் மட்டும் கேன்வாவுக்குப் பணம் கட்டுபவர்களுக்கு. விண்டோஸ், மேக்கில் ஓடும், லினக்ஸில் கிடையாது. கையில் எடுத்ததும் பழகிவிடுவது இதுதான், போட்டோஷாப்புக்குப் பக்கத்தில் வருவதும் இதுதான். எனக்கு இருக்கும் ஒரே தயக்கம், ஒரு நிறுவனம் இலவசமாகக் கொடுத்ததை அதே நிறுவனம் நாளைக்கு மாற்றவும் முடியும். அதனால் முடித்த படங்களை மற்ற மென்பொருள்களும் திறக்கும் டிஃப் அல்லது ஜேபெக்காகவும் எடுத்து வையுங்கள், அதன் சொந்தக் கோப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

போட்டோபியா பிரவுசரிலேயே திறக்கும். இன்ஸ்டால் செய்யும் வேலையே இல்லை. பார்ப்பதற்கு அசல் போட்டோஷாப் மாதிரியே இருக்கும், போட்டோஷாப்பின் சொந்தக் கோப்பு வகையான பிஎஸ்டியை லேயரோடு திறக்கும். ஓரத்தில் விளம்பரம் வரும், அதுதான் நாம் கொடுக்கும் விலை. இணையத்தில் ஓடுகிறதே, படம் எங்கோ போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: படம் உங்கள் கம்ப்யூட்டரிலேயேதான் திறக்கிறது, அவர்கள் சர்வருக்கு ஏறுவதில்லை. அலுவலகக் கம்ப்யூட்டரிலோ பிள்ளைகளின் கல்லூரி லேபிலோ அவசரத்துக்கு இதைவிட நல்லது இல்லை.

ஒன்றைச் சொல்லு என்றால்: புது லேப்டாப் இருப்பவருக்கு அஃபினிட்டி, பழையது இருப்பவருக்கோ லினக்ஸ் வைத்திருப்பவருக்கோ ஜிம்ப், மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எடிட் செய்பவருக்குப் போட்டோபியா.

தெரிந்த கடையில் கிராக் வெர்ஷன் போட்டுத் தருகிறார்களே. எல்லோரும் அதைத்தானே பயன்படுத்துகிறார்கள்?

நானும் ஒரு காலத்தில் பயன்படுத்தியவன்தான், மறைப்பதற்கில்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், "முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடு" என்று தொடங்கும் குறிப்போடு ஒரு பென்டிரைவ் கைமாறி வந்தது. இரண்டு வாரத்தில் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னும் புரியாத ஒரு வால் முளைத்து, எதுவுமே திறக்காமல் போனது. அதற்குள் இரண்டு கல்யாணங்களின் படங்கள் இருந்தன. கேமரா கார்டுகளை அழிக்காமல் வைத்திருந்ததால் ஒரு கல்யாணம் தப்பித்தது. இன்னொரு வீட்டாரிடம் பேசியது யார், என்ன பேசினார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். மேலே சொன்ன மூன்றும் இலவசமாகவே கிடைக்கும்போது பூட்டை உடைத்து உள்ளே போக என்ன அவசியம்?

புது கேமராவில் ரா என்று ஒரு வடிவம் இருக்கிறது. அதற்குத் தனி மென்பொருள் வேண்டுமா?

கேமரா பதிவு செய்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைக்கும் கோப்புதான் ரா. அதற்குத் தனி மென்பொருள் வேண்டும், ஆனால் அது ஏற்கெனவே உங்களுக்குச் சொந்தமானதுதான். கேனான் கேமராவுக்கு டிஜிட்டல் போட்டோ புரொபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ் என்று அந்தந்த நிறுவனமே இலவசமாகத் தருகிறது. பெட்டியில் வந்த அட்டையைத் தூக்கிப்போட்டிருப்பீர்கள், அவர்கள் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். கொஞ்சம் மெதுவாக ஓடும், ஆனால் கேமராவின் நிறத்தை அப்படியே காட்டும்.

ரா ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் ராவில் 16,384 படிகள். இருட்டில் போன முகத்தை மேலே இழுக்கும்போது, படிகள் குறைவாக இருந்தால் நிறம் திட்டுத் திட்டாக உடையும். ராவில் அந்த இழுப்புக்கு இடம் இருக்கிறது.

லைட்ரூம் மாதிரியே நூற்றுக்கணக்கான படங்களை வரிசைப்படுத்தித் திருத்த வேண்டுமென்றால் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். டார்க்டேபிள் வல்லமை மிக்கது, அதே அளவுக்குப் பொறுமையைச் சோதிப்பது. ஒரே வேலையைச் செய்ய அதில் நாலு வழி இருக்கும், நாலில் எது என்று அது சொல்லாது. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், கிராப் மூன்றை மட்டும் முதல் மாதம் தொடுங்கள், மற்ற மாட்யூல்கள் இருப்பதாகவே நினைக்க வேண்டாம்.

என் லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான். எதுவும் ஓடுமா?

போட்டோஷாப்புக்குக் குறைந்தபட்சமே 8 ஜிபி கேட்கிறார்கள், 16 இருந்தால் நல்லது. 4 ஜிபியில் ஜிம்ப் ஓடும், பிரவுசரை மூடிவிட்டுத் திறந்தால். விண்டோஸில் பெயின்ட் டாட் நெட் அதைவிட இலகு. அவர்கள் தளத்திலிருந்து இறக்கினால் இலவசம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வாங்கினால் காசு. இரண்டும் ஒரே மென்பொருள்தான். படங்களைப் பார்க்க, அளவு குறைக்க மட்டும் என்றால் இர்ஃபான்வியூ. 1996இலிருந்து இருக்கிறது, மிகப் பழைய கம்ப்யூட்டரிலும் கண் சிமிட்டும் நேரத்தில் திறக்கும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம்.

தேர்வு விண்ணப்பத்துக்குப் போட்டோ 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டுமாம். எப்படிக் குறைப்பது?

ஊருக்கு ஊர் பிரவுசிங் சென்டர்களுக்குச் சோறு போடும் கேள்வி இது. பலர் தரத்தை மட்டும் குறைத்துக்கொண்டே போய், முகம் கட்டம் கட்டமாக ஆனபின் நிறுத்துகிறார்கள். முதலில் பிக்சலைக் குறைக்க வேண்டும். பாஸ்போர்ட் அளவு 3.5க்கு 4.5 சென்டிமீட்டர். ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அது 413க்கு 531 பிக்சல். ஜிம்ப்பில் அந்த விகிதத்தில் கிராப் செய்து, ஸ்கேல் இமேஜில் அந்த எண்களைக் கொடுத்து, பிறகு ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யும்போது ப்ரிவ்யூவை டிக் செய்யுங்கள். குவாலிட்டி கோலை நகர்த்த நகர்த்தக் கோப்பின் அளவு அங்கேயே தெரியும். விண்ணப்பத்தில் வேறு பிக்சல் அளவு குறிப்பிட்டிருந்தால் அதையே கொடுங்கள்.

இதற்கென்று இருக்கும் இலவச இணையதளங்களில் ஆதார் ஸ்கேனையும் கையெழுத்தையும் ஏற்றுவதை நான் விரும்புவதில்லை. அந்தப் படம் யாருடைய சர்வரில், எத்தனை நாள் இருக்கும் என்று ஏற்றியவருக்குத் தெரியாது.

படத்தின் மேல் தமிழில் எழுதினால் எழுத்து உடைகிறதே?

ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் நம் ஆட்கள் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது. திறந்தவுடன் யூனிகோடில் (போனில் தமிழ் தட்டும்போது வரும் பொது எழுத்துமுறை) "கொய்யா" என்று தட்டுங்கள். ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் ஒழுங்காக வந்து நின்றால் சரி. கொம்பும் காலும் சேர்ந்து பின்னால் போய் ஒட்டிக்கொண்டாலோ, புள்ளிகளால் ஆன வட்டம் தெரிந்தாலோ, அந்த மென்பொருளில் வாழ்த்து அட்டையெல்லாம் செய்ய முடியாது. ஜிம்ப்பில் தமிழ் ஒழுங்காக வரும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்றி, மூடித் திறக்க வேண்டியிருக்கும்.

ஸ்டூடியோக்களில் இன்னும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களைப் பயன்படுத்துவார்கள். அதில் அடியில் இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருப்பது தமிழ் உருவம். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தால் மணமகள் பெயர் ஆங்கிலக் குப்பையாக நிற்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் யூனிகோடிலேயே தொடங்கிவிடுங்கள்.

ஆல்பம் டிசைனிங் வேலைக்குப் போக ஆசை. இலவச மென்பொருளில் பழகினால் மதிப்பார்களா?

இங்கே மட்டும் என் பதில் மாறும். போட்டோஷாப்தான். வாங்கும் டெம்ப்ளேட் எல்லாம் பிஎஸ்டி, பிரிண்ட் போடும் லேபுக்கும் டிசைனருக்கும் இடையே கைமாறுவதும் பிஎஸ்டி. ஜிம்ப் அதைத் திறக்கும், ஆனால் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (லேயருக்குள் மூலப் படத்தை அப்படியே வைத்திருப்பது) மாதிரியான சில சமாச்சாரங்கள் அப்படியே வராது. கம்ப்யூட்டரும் திடமாக இருக்க வேண்டும். விரித்த ஆல்பம் தாள் ஒன்று 12க்கு 36 அங்குலம். 300 பிக்சல் கணக்கில் 3600க்கு 10,800. ஒரே ஒரு லேயருக்கே 110 எம்பிக்கு மேல் நினைவகம் போகும். ஒரு தாளில் இருபது லேயர் என்பது சர்வ சாதாரணம்.

ஆனால் சேரும் முதல் நாளே சந்தா கட்ட வேண்டியதில்லை. போட்டோபியாவில் இரண்டு மாதம் லேயர், மாஸ்க், பென் டூல் பழகுங்கள். ஷார்ட்கட்கள்கூடப் பெரும்பாலும் அதேதான். ஸ்டூடியோவில் உட்கார வைத்துப் பார்க்கும்போது கை தானாக ஓடும்.

ஏஐ எல்லாம் செய்துவிடுமாமே? பழைய படங்களைக்கூடப் புதுசாக்குகிறதாமே?

கரண்ட் கம்பி, குப்பைத்தொட்டி, பின்னால் நடந்து போனவர் இவற்றையெல்லாம் அழிக்க ஏஐ பிரமாதம். கூகுள் போட்டோஸில் உள்ள மேஜிக் இரேசர் 2024 முதல் சந்தா இல்லாதவர்களுக்கும் கிடைக்கிறது. இதற்காக மட்டும் எதையும் வாங்க வேண்டாம்.

பழைய படத்தில் ஜாக்கிரதை. மங்கிப்போன கறுப்பு வெள்ளைப் படத்தில் கண் இருந்த இடத்தில் இருப்பது நாலைந்து சாம்பல் புள்ளிகள்தான். ஏஐ அந்த நாலைந்து புள்ளியிலிருந்து கண்ணை மீட்பதில்லை, புதிதாக ஒரு கண்ணை வரைகிறது. பளிச்சென்று இருக்கும், ஆனால் வேறு யாரோ மாதிரி இருக்கும். கீறல், கறை, மடிப்புக்கோடு ஆகியவற்றை ஹீலிங் கருவியால் (பக்கத்துப் பகுதியை வைத்துக் கறையை மறைப்பது) பொறுமையாக எடுங்கள். முகத்தைத் தொடாதீர்கள்.

எப்போதுதான் காசு கொடுக்கலாம்?

இலவசத்தில் எது முடியவில்லை என்று ஒரே வரியில் உங்களால் சொல்ல முடிந்தால். என் சித்தி மகள் வளைகாப்பு, காதுகுத்து என்று படமெடுக்கப் போகிறாள். ஒரு விசேஷத்துக்கு எண்ணூறு படம். அதில் தேறியதை எடுத்து ஒரே நிறத்துக்குக் கொண்டுவர டார்க்டேபிளில் மூன்று ராத்திரி ஆனது. லைட்ரூமில் ஒரு ராத்திரி. மிச்சமான இரண்டு ராத்திரிக்குக் காசு கொடுக்கிறேன் என்றாள். இப்படிச் சொல்லத் தெரிந்தவர் தாராளமாகக் கட்டலாம். எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்பதற்காகக் கட்டுகிறவர் மூன்றாம் மாதமே திறப்பதை நிறுத்திவிடுவார், தொகை மட்டும் கார்டிலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.

எடிட் செய்த பிறகு ஒரிஜினலை வைத்திருக்க வேண்டுமா? இடம் அடைக்கிறதே.

வைத்திருங்கள். ஜேபெக்கைத் திறந்து, மாற்றி, அதே பெயரில் சேமித்தால் பழையது போயே போச்சு. ரா மென்பொருள்கள் மூலப் படத்தைத் தொடாமல், திருத்தங்களைத் தனியாக எழுதி வைக்கும். ஸ்னாப்சீட்டில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் நகல் எடுக்கும். மற்றவற்றில் உங்கள் கைதான் கவனமாக இருக்க வேண்டும்.

தாத்தாவின் பென்ஷன் விண்ணப்பத்துக்காக அவர் படத்தை நான்தான் 40 கேபிக்குச் சுருக்கினேன். 200க்கு 230 பிக்சல். அவசரத்தில் அதே பெயரில் சேவ் கொடுத்துவிட்டேன். அடுத்த தை மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். மாலை போடப் பெரிய படம் வேண்டும் என்றபோது அந்தக் கோப்பைத்தான் தேடி எடுத்தேன். 12க்கு 18 அங்குலத்தில் போட்டால், அங்குலத்துக்குப் பதினேழு பிக்சல்கூடத் தேறாது. லேபில் இருந்த பையன் திரையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

கடைசியில் பெரியத்தை மகள் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்தோம். கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தின் இடது ஓரத்தில் அத்தையின் பட்டுப்புடவைத் தோள் கொஞ்சம் தெரியும். ஹீலிங் கருவியால் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்றேன். அத்தை விடவில்லை.